காக்காய்ப்பொன்னும் கறுப்புப் பாசியும்

காரைக்குடி வீட்டு நிலைவாசலில் அப்பத்தா கோர்த்த பாசித் தோரணம் ஒன்று தொங்குகிறது. நூல் இற்று, வெள்ளிப் பாசிகளில் பாதி எங்கோ உருண்டுவிட்டன. கடையில் அதே அளவில் வெள்ளைப் பிளாஸ்டிக் பாசிதான் கிடைத்தது. சரி, சில்வர் ஸ்ப்ரே அடித்தால் ஆயிற்று என்று கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தேன். காய்ந்ததும் அப்பத்தாவிடம் காட்டினேன்.

"என்னப்பா, விபூதியில புரட்டின மாதிரி இருக்கு?"

உண்மைதான். பழைய பாசியில் என் மூக்கே தெரிகிறது. புதியதில் வெறும் சாம்பல் நிறம். இத்தனைக்கும் ஸ்ப்ரே டப்பாவில் இருந்தது அசல் அலுமினியம். பழைய பாசியின் மேலே இருப்பதும் அலுமினியம்தான்.

இங்குள்ள பழைய வீட்டுச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புச் சாந்தைத் தேய்த்துத் தேய்த்து மெழுகிய சுவர் அது. அதில் உலோகமே கிடையாது, ஆனாலும் பளபளக்கும். மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது 0.4 முதல் 0.7 மைக்ரானைவிட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), மிகச் சிறியதாக இருந்தால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும். உலோகத்தில் கட்டில்லாமல் அலையும் எலெக்ட்ரான்கள் உண்டு. அதனால் வழவழப்பான அலுமினியம் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஸ்ப்ரேயில் இருப்பது தகடு அல்ல, பொடிச் செதில்கள். அவை ஓட்டுக்கூரையில் ஓடு படுத்திருப்பதுபோலப் படுத்தால் பளபளப்பு. புயலடித்த கூரைபோலக் கிடந்தால் சாம்பல். நான் அவசரத்தில் தடிமனாக அடித்துவிட்டேன். ஈரப் பூச்சு வழிய வழிய செதில்கள் புரண்டு கண்டபடி நின்றுவிட்டன. மெல்லிசாக அடித்துக் காயவிட்டு, மறுபடி மெல்லிசாக அடிக்க வேண்டும். பூச்சு காய்ந்து சுருங்கும்போது செதில்களை அமுக்கிப் படுக்க வைக்கும்.

தொழிற்சாலையில் செதிலே கிடையாது. முதலில் பாசிக்கு லாக்கர், அதாவது வார்னிஷ் போன்ற பூச்சு, பூசி மேடுபள்ளத்தை நிரப்புகிறார்கள். பிறகு ஒரு பெரிய கலத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சி வெளியேற்றி, டங்ஸ்டன் கம்பியில் மாட்டிய அலுமினியத்துண்டுகளை மின்சாரத்தால் சூடாக்குகிறார்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகி, இன்னும் சூடேறியதும் ஆவியாகிப் பறக்கிறது. காற்று இருந்தால் அந்த அணுக்கள் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் எதிலாவது மோதும். வெற்றிடத்தில் நேர்கோட்டில் போய்ப் பாசிமேல் ஒட்டும். எல்லாப் பக்கமும் படிய, பாசிகளைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். படிவது பெரும்பாலும் 0.1 மைக்ரானுக்கும் குறைவு. அதுவே கண்ணாடிபோல் காட்டப் போதும்.

தங்கப் பாசியிலும் பெரும்பாலும் அதே அலுமினியம்தான். மேலே மஞ்சள் சாயம் கலந்த லாக்கர், அவ்வளவே. அதனால்தான் தேயத் தேயத் தங்கம் முதலில் வெள்ளியாகி, அப்புறம் பிளாஸ்டிக் ஆகிறது.

மின்முலாம் பூசலாமே என்று கேட்பீர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட 'சிக்ரி', அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உள்ள ஊரில் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆனால் பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது. அமிலத்தால் நுண்குழி பறித்து, பல்லேடியம் என்ற உலோகத்தை விதைத்து, மின்சாரமில்லாமலே நிக்கலோ செம்போ படியவைத்த பிறகுதான் முலாம் பூசமுடியும். வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலையல்ல.

இன்னொரு கூத்தும் நடந்தது. சில பாசிகள் ஸ்ப்ரே பட்டதும் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவை பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். ஸ்ப்ரேயில் உள்ள தின்னர் அதைக் கரைத்துவிடும். வேறு சிலவற்றில் பூச்சு தோலாக உரிந்து வந்தது. அவற்றைத் தண்ணீரில் போட்டேன், மிதந்தன. பாலிப்ரொப்பிலீன் அப்படித்தான், எதையும் ஒட்டவிடாது. மிதக்கிறதா என்று பார்க்குமுன் துளையில் சிக்கிய காற்றை ஊதிவிடுங்கள். நான் முதலில் ஏமாந்தேன்.

கடைசியில் கைகொடுத்தது மைக்கா பொடி. தமிழில் காக்காய்ப்பொன். மைக்கா செதில்மேல் டைட்டானியம் டையாக்சைடு ஏடு படிந்திருக்கும். ஏட்டின் மேற்புறமும் அடிப்புறமும் திருப்பும் ஒளி அலைகள் சேர்ந்து சில நிறங்களை வலுப்படுத்தி, சிலவற்றை அழிக்கும். ஏடு மெல்லியதானால் வெள்ளி. தடிக்கத் தடிக்கப் பொன், சிவப்பு, நீலம், பச்சை.

வெள்ளைப் பாசியில் இது எடுபடாது. செதிலை ஊடுருவிப்போன மிச்ச ஒளி வெள்ளையில் பட்டுத் திரும்பி நிறத்தைக் கெடுத்துவிடும். கறுப்பு அதை விழுங்கிவிடுகிறது. காக்காய்ப்பொன்னுக்குக் காக்காய் நிறமே அடியில் வேண்டியிருக்கிறது! தண்ணீரில் கரையும் கறுப்பு அக்ரிலிக் பூசி, லேசாக ஒட்டும் பதத்தில் பொடியை விரலால் தேய்த்தேன். தேய்ப்பதில்தான் செதில்கள் படுக்கின்றன.

வெள்ளிப் பொடி பாதியில் தீர்ந்துபோக, மிச்சத்துக்குக் கையிலிருந்த பச்சையைத் தேய்த்தேன். காலை வெயிலில் அப்பத்தா தோரணத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அந்த மயில்கழுத்துப் பாசியில இன்னும் ரெண்டு சரம் கோத்துரு."