சிற்றூரிலிருந்து சிற்றூருக்கு: விமானப் பயண நேரம் எப்படி அமைகிறது?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் போதும், இணையத்தில் உள்ள கணிப்பான்கள் தூரத்தையும் பயண நேரத்தையும் நொடியில் சொல்லிவிடும். தூரத்தை நம்பலாம். நேரத்தை, அதுவும் இரண்டுமே ஒதுக்குப்புறமான சிற்றூர்கள் என்றால், அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையில் ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளமாக வைத்துக்கொண்டு, அந்தக் கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளையும் இணைக்கும் மிகக் குறுகிய பாதையைக் கணக்கிடுகிறார்கள். பூமி துருவப் பக்கம் சற்றுத் தட்டை. அதனால் வரும் பிழை ஏறக்குறைய அரை சதவீதத்துக்குள் அடங்கும், 400 கி.மீ.க்கு 2 கி.மீ. பெரிய விஷயமில்லை. வரைபடத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதுதான் ஆபத்து. நிலநடுக்கோட்டில் 10 பாகை தீர்க்கரேகை என்பது சுமார் 1,113 கி.மீ.; 60 பாகை அட்சரேகையில் அதில் பாதிதான். வழக்கமான உலக வரைபடத்திலோ இரண்டும் ஒரே நீளம்!

நேரத்துக்கு வருவோம். பல கணிப்பான்கள் மணிக்கு 800 கி.மீ. அளவில் ஒரு ஜெட் வேகத்தை வைத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்க்கின்றன. 400 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் என்று விடை வரும். ஆனால் குட்டையான ஓடுபாதையில் அந்த ஜெட் இறங்கவே முடியாது. அங்கே வருவது ட்வின் ஓட்டர் போன்ற சிறு டர்போபிராப் (சுழல்விசிறியால் இழுக்கப்படும்) விமானம். அதற்கு மணிக்கு 300 கி.மீ. என்று தாராளமாக வைத்தாலும், வானத்தில் மட்டுமே 1 மணி 20 நிமிடம் ஆகிவிடும்.

மெதுவான விமானத்தைக் காற்றும் அதிகமாகப் படுத்தும். மணிக்கு 60 கி.மீ. எதிர்காற்று அடித்தால், அதே 400 கி.மீ.க்கு ஜெட் கூடுதலாக எடுப்பது இரண்டரை நிமிடம். சிறு விமானம் எடுப்பது 20 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுமே என்று தோன்றும். தள்ளும்தான், ஆனால் மிச்சமாவது 13 நிமிடமே. எதிர்காற்றில் பறக்கும் நேரம் நீள்வதால், இழப்பு முழுதாக ஈடாவதில்லை.

அப்புறம் மலை. நேபாளத்தில் பொக்காராவிலிருந்து ஜோம்சோம் போகும் விமானங்கள் தவுலகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையே உள்ள காளி கண்டகி பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகின்றன. பகல் ஏற ஏற அங்கே காற்று பலமாகிவிடும் என்பதால் காலையில்தான் பறப்பார்கள். இருபது நிமிடப் பயணம்தான். காலை வானிலை கைகொடுக்காவிட்டால் அது மறுநாளுக்குப் போய்விடும்.

மறுகோடியில், ஸ்காட்லாந்தின் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளுக்கு நடுவே 2.7 கி.மீ. தூரத்துக்கே தினசரிச் சேவை நடக்கிறது. காற்று சாதகமாக இருந்த ஒரு நாள் 53 நொடியில் கடந்திருக்கிறார்கள். பெரும்பாலான சிற்றூர் ஜோடிகளுக்கு இந்த வசதி கிடையாது. பக்கத்துப் பெருநகரம் ஒன்றுக்குப் போய் விமானம் மாறித்தான் வர வேண்டும். நேர்கோட்டில் 100 கி.மீ. இருந்தாலும் பறக்கும் தூரம் 600 கி.மீ. ஆகலாம். அடுத்த இணைப்பு விமானம் வாரத்தில் மூன்று நாள் மட்டும் என்றால், பயண நேரத்தை நாள் கணக்கில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.