'எனக்கு கெமிஸ்ட்ரி வராது' என்பவரிடம் என்ன கேட்பது?

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்திலேயே யாராவது வந்து, "எனக்கு கெமிஸ்ட்ரி வராது சார்" என்பார்கள். அந்த 'வராது'வைக் கவனியுங்கள். பாட்டு வராது, நீச்சல் வராது, கெமிஸ்ட்ரி வராது. எது வரவில்லை, எந்த இடத்தில் தடுக்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. மொத்தமாகக் கதவைச் சாத்திவிடுகிற சொல் அது.

அந்த 'வராது'வைப் பிரித்துப் பார்க்கத்தான் சுயதிறன் நம்பிக்கையை அளக்கிறோம். ஒரு குறிப்பிட்ட வேலையைத் தன்னால் செய்து முடிக்க முடியுமா என்பதில் ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பு அது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் இந்தக் கருத்தை முன்வைத்தார். பொதுவான தன்னம்பிக்கை வேறு, இது வேறு. மேடையில் தயங்காமல் பேசுகிற மாணவர், மோல் கணக்கைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். விடை வராத கணக்கோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவார், எப்போது கைவிடுவார் என்பதில் இந்தக் கணிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இதை அக்கறையோடு அளக்கவேண்டும் என்கிறேன்.

நான் முதலில் தயாரித்த வினாத்தாளில், "அறிவியலில் சிறப்பாகச் செய்வேன்" என்று ஒரு வரி இருந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் 'ஆம்' என்றே குறித்திருந்தார்கள். தப்பு என் கேள்வியில்தான். 'செய்வேன்' என்பது ஆசை, ஒரு வகையில் உறுதிமொழி. நான் கேட்டிருக்க வேண்டியது 'இப்போது செய்ய முடியுமா' என்று. இத்தகைய அளவுகோல்களை அமைப்பது பற்றி பண்டூரா 2006-ல் எழுதிய வழிகாட்டியிலும் இந்த வேறுபாடு அழுத்திச் சொல்லப்பட்டிருக்கிறது. 0 முதல் 100 வரை பத்துப் பத்தாகப் போகும் அளவை அவர் பரிந்துரைக்கிறார். 0 என்றால் சுத்தமாக முடியாது, 100 என்றால் நிச்சயமாக முடியும். தொடங்குவதற்கு முன், எவ்வளவு எடையைத் தூக்க முடியும் என்று படிப்படியாகக் கூட்டிக் கேட்கும் ஒரு பயிற்சிக் கேள்வியும் உண்டு. அதைச் செய்துபார்த்தவர்கள் அப்புறம் எண்களை யோசித்து எழுதுகிறார்கள்.

கேள்வியின் சொற்களில் இன்னும் சில பொறிகள் உண்டு. "கருத்தைப் புரிந்துகொண்டு கணக்கைப் போட முடியும்" என்று எழுதினால் இரண்டு கேள்விகள் ஒன்றாகிவிடும். கருத்து புரியும், கணக்கு தடுமாறும் என்பவர் எந்த எண்ணை எழுதுவார்? "என்னால் முடியாது என்று நினைப்பதில்லை" என்ற வரிக்கு 'உடன்படவில்லை' என்று குறித்தால் பொருள் என்ன என்று எனக்கே ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கிறது. தாளைத் திரட்டுபவரே மதிப்பெண் போடுபவராக இருந்தால் எண்கள் சற்றே வீங்கும். பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போதும்.

எல்லாவற்றையும் கூட்டி ஒரே சராசரியாக்குவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். தைவானில் லின், சாய் இருவரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக 2013-ல் வெளியிட்ட அளவுகோல் ஐந்து பகுதிகளாகப் பிரிகிறது: கருத்துப் புரிதல், உயர்நிலைச் சிந்தனை, செய்முறை, அன்றாட வாழ்வில் பயன்படுத்துதல், அறிவியலைப் பிறருக்கு எடுத்துச் சொல்லுதல். பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இந்தப் பிரிவுகள் பொருந்துவதைப் பார்க்கிறேன்.

ஒரு மாணவி எழுத்துத் தேர்வில் எப்போதும் முன்வரிசை. கருத்துப் பகுதியில் 90, 80 என்று எழுதியிருந்தார். "பிறர் உதவியின்றி டைட்ரேஷனை முடித்து, ஒத்துப்போகும் அளவுகளைப் பெற முடியும்" என்ற வரியில் 60 எழுதி, அடித்துவிட்டு, 20 என்று மாற்றியிருந்தார். ஒரு கரைசலில் இன்னொன்றை நிறம் மாறும்வரை சிறிது சிறிதாகச் சேர்த்து, எவ்வளவு செலவானது என்று அளக்கும் செய்முறைதான் டைட்ரேஷன். அடுத்த ஆய்வக வகுப்பில் அவரைக் கவனித்தேன். நோட்டும் பேனாவுமாக ஓரடி தள்ளி நிற்கிறார். பியூரெட்டின் (கரைசலை அளந்து விடும் நீண்ட கண்ணாடிக் குழல்) குழாயைத் திருப்புவது கூட்டாளி. இளஞ்சிவப்பு வந்ததும் அவர் அளவைச் சொல்ல, இவர் எழுதிக்கொள்கிறார். செய்முறை ஏட்டில் இருவருக்கும் ஒரே மதிப்பெண். சராசரியை மட்டும் பார்த்திருந்தால் நம்பிக்கை மிக்கவர்கள் பட்டியலில் அவர் பெயரும் போயிருக்கும்.

புள்ளியியலைப் பற்றி ஒன்றே ஒன்று. வினாத்தாளின் கேள்விகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்பா 0.9 வந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். ஒரே கேள்வியை எட்டு விதமாகக் கேட்டாலும் அது உயரும். சரியானதைத்தான் அளந்தோமா என்பதை அந்த எண் சொல்லாது. நான் செய்வது எளிது: மாணவர்கள் எண்ணை எழுதியபின் அதே வேலையைச் செய்யச் சொல்கிறேன். 90 எழுதியவருக்குக் கணக்கு வரவில்லை, 30 எழுதியவர் சுலபமாக முடித்துவிட்டார் என்றால் இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. 30 எழுதியவரிடம்தான் நான் முதலில் போவேன். திறமை இருந்தும் விருப்பப் பாடத்தைக் கைவிடப்போகிறவர் அவர்தான்.

குறைந்த எண் வந்தால் உற்சாக வார்த்தை மட்டும் போதாது. இந்த நம்பிக்கைக்கு பண்டூரா சொன்ன நான்கு ஊற்றுகளில் வலுவானது, தானே செய்து வெற்றி கண்ட அனுபவம். தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, நம்பகமானவர் சொல்லும் ஊக்கம், பதற்றம் போன்ற உடல் மன நிலை ஆகியவை மற்ற மூன்று. அதனால் அந்த மாணவியிடம் "உன்னால் முடியும்" என்று சொல்லிவிட்டு நகரவில்லை. அடுத்த வகுப்பிலிருந்து ஒவ்வொரு ஜோடியிலும் வேலையை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். முதல் முறை அவர் குழாயைக் கூடுதலாகத் திறந்துவிட்டார், கரைசல் அடர்சிவப்பாகிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார். மூன்றாவது முறை கடைசிச் சில மில்லிலிட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்.

எட்டாம் வாரம் அதே வினாத்தாளை மறுபடி கொடுத்தேன். கருத்துப் பகுதியில் அவர் எண்கள் அப்படியே இருந்தன. டைட்ரேஷன் வரியில் 70 என்று எழுதியிருந்தார், இந்த முறை அடித்தல் இல்லாமல்.