முட்டைக்குள் இறங்கும் ஊசி

"பிராய்லர் குஞ்சு பொரிக்கும் முன்பே முட்டைக்குள் ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஊசி உண்மை, ஹார்மோன் வாட்ஸ்அப் சரக்கு. பிராய்லர் சீக்கிரம் வளர்வதற்குக் காரணம் இனத்தேர்வும் தீவனமும்தான். முட்டைக்குள் போவது, வான்கோழியிடமிருந்து எடுத்த உயிருள்ள வைரஸ். நாம் ஆம்லெட் போடும் முட்டைக்கு இந்த ஊசி கிடையாது. குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிக்குப் போகும் முட்டைக்குத்தான்.

மாரெக் நோயைத் தடுக்கத்தான் இத்தனையும். 1907இல் ஹங்கேரிய கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் விவரித்த நோய் இது. ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று கோழியின் கால்களை முடக்கும், உள்ளுறுப்புகளில் புற்றுக்கட்டி உண்டாக்கும். இறகுத் துகளோடு உதிர்ந்து கொட்டகைத் தூசியில் மாதக்கணக்கில் கிடக்கும். குஞ்சு உள்ளே வந்ததுமே அதைச் சுவாசித்துவிடும். பொரித்த அன்றே ஊசி போட்டாலும் எதிர்ப்பு உருவாகச் சில நாள் ஆகும். அந்த நாட்களை முட்டையிலேயே சம்பாதித்துக்கொள்ளலாமே!

கோழிமுட்டை பொரிக்க 21 நாள். 18ஆம் நாள் வாக்கில், அடைகாக்கும் பெட்டியிலிருந்து (செட்டர்) பொரிக்கும் பெட்டிக்கு (ஹேச்சர்) மாற்றும்போது, முட்டையின் அகன்ற முனையில் இயந்திரம் துளையிட்டு ஊசியை இறக்கும். முதலில் காற்றறை. அதற்கடியில் அலன்டாயிஸ் எனும் கழிவுப் பை. இவற்றில் விழுந்த மருந்து வீண். இரண்டையும் தாண்டிப் பனிக்குடத்துக்குப் போக வேண்டும். ஏன் அங்கே? அந்த வயதுக் கரு சும்மா மிதப்பதில்லை, தன்னைச் சூழ்ந்த பனிக்குட நீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது! பொரிப்பதற்குள் அநேகமாகக் காலி செய்துவிடும். நாம் விட்ட 0.05 மி.லி. மருந்தும் அதோடு உள்ளே போய்விடும். ஊசி கருவின் உடலிலேயே பட்டாலும் பாதகமில்லை, மருந்து வேலை செய்யும். வான்கோழி வைரஸ் கோழிக்கு நோய் தராது. ஆனால் மாரெக் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். ஆகவே ஒன்றைப் பழகிய உடல் மற்றதையும் எதிர்க்கும்.

அமெரிக்க வேளாண் துறையின் ஈஸ்ட் லான்சிங் ஆய்வகத்தில் ஜக்தேவ் சர்மாவும் பென் பர்மெஸ்டரும் 1982இல் இதைச் செய்து காட்டினார்கள். இயந்திரம் சந்தைக்கு வரப் பத்தாண்டு ஆனது. இப்போது அமெரிக்காவில் பெரும்பாலான பிராய்லர்களுக்கு இப்படித்தான். உடனடி லாபம் தராத ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், இந்த வான்கோழி வைரஸுக்குள் நம்மூர்க் கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வைரஸின் மரபணு ஒன்றைச் செருகி, ஒரே ஊசியில் இரண்டு நோயைத் தடுக்கும் மருந்துகளும் வந்துவிட்டன. ஒரு குறை மட்டும் உண்டு. மாரெக் தடுப்பூசி கட்டியைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. ஊசி போட்ட கோழியும் வைரஸைப் பரப்பும். அதனால் கொட்டகையைச் சுத்தம் செய்யும் வேலை குறையவில்லை.