பூச்சி முட்டைக்குள் செல்கள் எப்போது உருவாகின்றன?

ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். தவளை முட்டையை வைத்துக் கருவளர்ச்சியை இப்படித்தான் படிக்கிறோம். பெரும்பாலான பூச்சிகளுக்கு இது பொருந்தாது. பழ ஈயின் (டிரோசோஃபிலா) கருவை நான்கு செல், எட்டு செல் என்று ரெக்கார்டு நோட்டில் வரைந்தால் அது முழுத் தவறு. நெல்லை வட்டாரக் கல்லூரிகளில் விலங்கியல் சொல்லித்தருபவர்கள் இதை மாணவர்களின் கண்ணாலேயே பார்க்கவைக்க முடியும். அதற்கு ஒரு சாதாரண ஒளி நுண்ணோக்கியும், வெப்பத்தை நிலையாக வைத்திருக்கும் இன்குபேட்டரும் போதும்.

பழ ஈ முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். கருவுற்றபின் உட்கரு மட்டும்தான் பிரிகிறது, இடையில் சவ்வு எழுவதில்லை. தேவையான புரதமும் ஆர்.என்.ஏ.வும் தாய் ஈயிடமிருந்தே முட்டைக்குள் வந்துவிடுவதால் வேகம் மிக அதிகம். 25 டிகிரி செல்சியஸில் தொடக்கப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் 9 நிமிடம் போதும். எட்டாவது, ஒன்பதாவது சுற்றுகளில் உட்கருக்கள் முட்டையின் விளிம்பை நோக்கி நகர்கின்றன, சில மஞ்சள் கருவிலேயே தங்கிவிடுகின்றன. சுமார் 90 நிமிடத்தில் பின்முனையில் சிறு உருண்டைகள் புடைத்துத் தனியாகும். முதல் செல்கள் இந்தத் துருவ செல்கள்தான். அடுத்த தலைமுறையின் முட்டையும் விந்தும் இவற்றிலிருந்தே வருகின்றன.

பதின்மூன்று பிரிவு முடிந்ததும், சுமார் 2 மணி 10 நிமிடத்தில், ஏறத்தாழ 6,000 உட்கருக்கள் ஒரே அடுக்காக விளிம்பில் நிற்கும். இப்போதுதான் முட்டையின் மேற்சவ்வு ஒவ்வோர் உட்கருவுக்கும் இடையே உள்நோக்கி இறங்கத் தொடங்குகிறது. முதலில் மெதுவாக இறங்கும். உட்கருவின் அடிமட்டத்தைத் தாண்டியதும் வேகம் பிடித்து 30 மைக்ரோமீட்டருக்கும் மேல் ஆழம் போய்விடும். இவ்வளவு சவ்வுக்கான பொருள் முட்டைக்குள் இருக்கும் சேமிப்பிலிருந்தும் மேற்பரப்பின் நுண்மடிப்புகளிலிருந்தும் வருகிறது. இறங்கும் முனையில் ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் வலைபோல் சேர்ந்து, கடைசியில் செல்லின் அடிப்பகுதியைச் சுருக்குகின்றன. மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். தாயின் இருப்பு மட்டும் இதற்குப் போதாது, கருவின் சொந்த மரபணுக்களும் இயங்கியாக வேண்டும். ‘நல்லோ’ என்ற மரபணு இல்லாத கருவில் சில இடங்களில் சவ்வு நிலைக்காது, அங்கே ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள் மாட்டிக்கொள்ளும்.

இதைப் பார்க்க 25 டிகிரியில் வைத்த பி.ஓ.டி. இன்குபேட்டர் கட்டாயம் வேண்டும். சித்திரை வெயிலில் நம்மூர் அறை வெப்பத்தை நம்பி இந்தப் பாடத்தை வைக்கக்கூடாது. 30 டிகிரிக்கு மேல் வளர்ந்த ஆண் ஈக்கள் மலடாகிவிடும், முட்டை இருக்கும், கரு இருக்காது. வாழைக்காய் மண்டியில் பிடித்த ஈக்களும் வேண்டாம். அவற்றில் பல இனங்கள் கலந்திருக்கும், நேரக் கணக்கு ஒத்துவராது.

பழச்சாறு கலந்த அகர் தட்டில் ஈஸ்ட் விழுதைச் சிறிது தடவிக் கூண்டில் வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்துத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நல்ல இடம் கிடைக்கும்வரை தாய் ஈ முட்டையை வயிற்றிலேயே அடக்கிவைத்திருக்கும் என்பதால், முதல் தட்டில் வயது மூத்த கருக்கள் கலந்திருக்கும். அடுத்த ஒரு மணி நேரத்து முட்டைகளை எடுத்து, மேலும் ஒன்றேகால் மணி நேரம் காத்திருங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் ப்ளீச்சில் சம அளவு தண்ணீர் கலந்து 2 நிமிடம் வைத்தால் வெளி ஓடு கரையும். முட்டையின் முன்புறம் இருக்கும் இரண்டு கொம்புகள் மறைவதுதான் அடையாளம். உடனே தண்ணீரில் நன்றாக அலசவேண்டும், ப்ளீச் மிஞ்சினால் கரு செத்துவிடும். பிறகு ஹாலோகார்பன் எண்ணெய்த் துளியில் வைத்துப் பாருங்கள். கவர்ஸ்லிப்பை அழுத்தி மூடாதீர்கள். ஆக்சிஜன் குறைந்தால் சில நிமிடங்களிலேயே வளர்ச்சி அப்படியே நின்றுவிடும், மாணவர் அதைச் செத்த கரு என்று நினைத்துவிடுவார். எல்லாம் சரியாக இருந்தால் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே, தெளிந்த விளிம்புக்குள் ஒரு மெல்லிய கோடு உள்ளே இறங்குவது தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கோட்டின் ஆழத்தை அளந்து குறிக்கச் சொல்லுங்கள். முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் இறங்குவது வரைபடத்தில் தானாக வந்துவிடும்.

பிசானப் பருவ நெல்லுக்கு டிரைக்கோகிரம்மா (பயிர்ப்பூச்சிகளின் முட்டைக்குள் வளர்ந்து அவற்றை அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவி) முட்டை அட்டை தயாரிப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குளவியை வளர்க்க அட்டையில் ஒட்டும் கார்சைரா அந்துப்பூச்சி முட்டைகளிலும் உட்கருக்கள் முதலில் பெருகி, விளிம்புக்கு வந்து, பிறகுதான் செல்களாகின்றன. நேரம் மட்டும் வேறு. 24 மணி நேரத்துக்கு உட்பட்ட முட்டைகளையே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரு முற்றி உறுப்புகள் உருவாகிவிட்டால் ஒட்டுண்ணிப் புழுவுக்கு அதை உண்பது கடினம். குளவியிடம் கொடுக்கும் முன் முட்டைகளுக்குக் காட்டும் புற ஊதா ஒளி உட்கருவின் டி.என்.ஏ.வைச் சிதைத்து அந்துப்பூச்சியின் கருவைக் கொல்லும், சத்து அப்படியே இருக்கும். இந்த வேலையைத் தவிர்த்தால் பிழைத்துப் பொரிக்கும் கார்சைரா புழுக்கள் ஒட்டுண்ணி இருக்கும் முட்டைகளையே தின்றுவிடும். தண்டு துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் அட்டையை நட்ட 30, 37ஆம் நாட்களில், ஒவ்வொரு முறையும் ஹெக்டேருக்கு 5 சி.சி. (முட்டைகளின் கன அளவு) கட்டவேண்டும். வாங்கும்போது முட்டைகள் கறுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிறிய முட்டைகள் அதிகமிருந்தால் அந்த அட்டையில் ஒட்டுண்ணி சரியாக ஏறவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.