செம்மண்ணின் பிடியில் பாதரசம்

ஜொகூர் மாநிலத்தின் ரெங்கம் பட்டணத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில், மறுநடவுக்காகக் குன்றுச் சரிவை வெட்டும்போது மேலே ஒரு சாண் பழுப்பு மண்ணும், அதன் கீழே ஆள் உயரத்துக்கும் மேலாக மஞ்சளோடிய செம்மண்ணும் தெரியும். கிரானைட் பாறை சிதைந்து உருவான அந்த மண்வகைக்கு மலேசிய மண்ணியலில் ‘ரெங்கம்’ என்றே பெயர். சிறிய ஊருக்கு இது பெரிய பெருமைதான்.

ஆலைக் கழிவு கலக்காத இடத்திலும் இத்தகைய மண்ணில் பாதரசம் உண்டு. மாசுபடாத மண்ணில் அது பொதுவாகக் கிலோவுக்கு 0.01 முதல் 0.3 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு பங்கு தாய்ப்பாறையிலிருந்து வந்தது. மற்றது காற்றிலிருந்து இறங்கியது: மாதக்கணக்கில் காற்றில் சுற்றும் பாதரச ஆவியை இலைகள் தம் துளைகள் வழியே உள்வாங்குகின்றன, ரப்பர் மரம் ஆண்டுதோறும் உதிர்க்கும் சருகும் அதைச் சுமந்தே தரைக்கு வருகிறது.

வந்தது எவ்வளவு தங்கும் என்பதை மண்ணின் குணம் தீர்மானிக்கிறது. மேலடுக்கில், மட்கிய பொருளிலுள்ள கந்தகம் பாதரசத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கீழடுக்கில் அந்த வேலையைச் செய்பவை இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள். நெடுங்கால மழை சிலிக்காவைக் கரைத்துச் செல்ல, எஞ்சி நின்று மண்ணுக்குச் சிவப்பேற்றியவையும் அவையே. ஆகவே மணற்பாங்கான மண்ணைவிடக் களிமண்ணிலும், ரெங்கம் மண்ணைவிட எரிமலைப் பாறையில் பிறந்த, இரும்பு மிகுந்த சிகாமட் மண்ணிலும் பாதரசம் கூடுதலாகத் தங்க இடமுண்டு. மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒரே அளவுகோலால் அளந்து, கூடுதலாக இருப்பதை மாசு என்று முடிவு கட்டுவது அவசரம் என்றே எனக்குப் படுகிறது.

குன்றுகளுக்கிடையே நீர் தேங்கும் பள்ளத்தைத் தோண்டினால் மண் சாம்பல் நிறமாக இருக்கும். காற்றுப் புகாத அங்கே இரும்பு ஆக்சைடு கரைந்து, தன் பிடியிலிருந்ததை விட்டுவிடுகிறது. சில நுண்ணுயிரிகள் அந்தப் பாதரசத்தை, மீன்களில் சேரும் நஞ்சான மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன.

பிரேசிலின் தபஜோஸ் ஆற்றில் பாதரசம் மிகுந்ததற்குத் தங்கம் எடுப்போரே காரணம் என்று கருதப்பட்டிருந்த நிலையில், காடழிந்து அரித்துச் செல்லப்பட்ட மண்ணின் இயற்கைப் பாதரசத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டென்று 1990களின் ஆய்வுகள் காட்டின. ரெங்கத்திலும், மறுநடவுக்குப் பின் மூடுபயிர்க் கொடி படரும்வரை, மழைக்குப் பிந்திய கால்வாய் நீர் ‘தே தாரேக்’ எனும் பால் தேநீரின் நிறத்தில் ஓடும். அந்த நிறம் நுண்களியுடையது. அதைப் பற்றியிருக்கும் பாதரசமும் அதனுடனேயே போகிறது.