புகார்: கோளா, முறையீடா?

புகார் என்று எழுதினால் தமிழில் அது இரண்டு சொல். ஒன்று நம் மண்ணுடையது. ஆறு கடலில் புகும் முகத்துக்குப் புகார் என்று பெயர். காவிரி கடலைச் சேரும் இடத்தில் இருந்த சோழர் துறைமுகத்துக்கும் அதுவே பெயராயிற்று. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் பூம்புகார்தான் அது. மற்றொன்று காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்கும் புகார். இது உருது, இந்தி வழியாக வந்தது. கூவி அழைத்தல், கூக்குரல் என்பது அதன் மூலப்பொருள். பூம்புகாருக்கும் புகார்ப் பெட்டிக்கும் எழுத்தில் மட்டும்தான் உறவு.

டெல்டா கிராமங்களில் பெரியவர்கள் 'பிராது கொடுத்திருக்கிறான்' என்பார்கள். பாரசீகத்தின் 'ஃபரியாத்' நம் வாயில் பிராது ஆனது. அதற்கும் கூக்குரல் என்றே பொருள். கச்சேரி, வசூல், தாசில்தார் என்று நிர்வாகத்தோடு ஊருக்குள் வந்த சொற்கூட்டத்தில் இவையும் சேர்த்தி.

தமிழில் நேரான சொல் முறையீடு. பழந்தமிழில் முறை என்றால் நீதி. முறை செய்தல் என்றால் நீதி வழங்குதல். 'இது முறையோ!' என்று கேட்க வேண்டியவர் காதில் விழும்படி சொல்வதே முறையிடுதல். ஆக இதுவும் ஒரு குரல்தான். இலங்கைத் தமிழர் முறைப்பாடு என்பார்கள். குறை என்பது வேறு. மின்விசிறி சுற்றவில்லை என்றால் அது குறை. குற்றச்சாட்டு என்பது விசாரணைக்குப் பிறகு வர வேண்டியது. அலுவலகச் சுற்றறிக்கைகள் இம்மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகின்றன.

திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையில் பசு இழுத்த மணியின் பெயரைக் கவனியுங்கள்: ஆராய்ச்சி மணி. அடிப்பது முறையீடு, அடித்த பின் அரசன் செய்ய வேண்டியது ஆராய்ச்சி. கண்ணகி கதையில் பொற்கொல்லன் பாண்டியனிடம் சொன்னதும் புகார்தான்; அரசன் ஆராயவில்லை. அரண்மனை வாசலில் நின்று கண்ணகி எழுப்பியதுதான் முறையீடு. அவள் புகார் நகரத்துப் பெண் என்பது தற்செயல்.

வேலையிடத்துக்கு வருவோம். தகாத ஒன்றைச் செய்யச் சொன்னால் மேலே தெரிவிக்கலாமா என்று கேட்டால், நம்மூரில் முதலில் வரும் பதில் 'போட்டுக்கொடுக்காதே' என்பதுதான். முறையீட்டைக் கோளோடு குழப்பியதன் விளைவு இது. கோள் காதோடு சொல்லப்படுவது, ஆதாயம் சொல்பவருக்கு. முறையீடு பெயரும் தேதியும் போட்டு, விசாரிக்கக் கடமைப்பட்டவர் முன் வைக்கப்படுவது.

ஒரு நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். களத்தில் தார்ப்பாய் போர்த்திய மூட்டைகள். அனுமதிக்கப்பட்ட ஈரப்பத அளவு 17 சதவீதம். கருவி 20 காட்டுகிறது. பருவகாலப் பணிக்கு வந்த பட்டியல் எழுத்தருக்கு ஃபோன் வருகிறது. "அந்த லோடை 17 என்றே எழுதிவிடுங்கள் தம்பி. சிட்டா, அடங்கல் எல்லாம் வேறு ஒருவர் பெயரில் வரும், கண்டுகொள்ளாதீர்கள்." பட்டியலில் இருப்பது எழுத்தரின் கையெழுத்து. ஃபோனில் பேசியவரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. நாளைக்குக் கிடங்கில் நெல் கறுத்தாலோ எடை குறைந்தாலோ முதல் கேள்வி யாரிடம் வரும்? தெரிவிக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்வது நேர்மைக்காக மட்டும் அல்ல. வாய்மொழி உத்தரவில் சிக்குகிறவர் எப்போதும் கையெழுத்துப் போட்டவரே.

பயம் பொய்யானது என்று சொல்ல மாட்டேன். அடுத்த பருவத்துக்குக் கூப்பிடாமல் விட்டால் யாரிடம் போவது? தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரைக் காக்கும்படி கேட்டிருந்தார். பெயர் கசிந்தது. 2003 நவம்பரில் கயாவில் கொல்லப்பட்டார். அதன் பிறகே, 2004ல், தகவல் தருபவர் பெயரை மறைத்துக் காக்கும் தீர்மானத்தை மத்திய அரசு கொண்டுவந்து, பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் கொடுத்தது. அங்கும் மொட்டைக் கடிதம் செல்லாது. பெயர் உள்ளே இருக்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். தகவல் தருபவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 2014லேயே நிறைவேறியது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் வராமல் ஆண்டுகள் ஓடின. சட்டம் போடுவதில் நாம் சோம்பேறிகள் அல்லர்!

லஞ்சம் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவருக்கு இன்னொரு கணக்கு உண்டு. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018ல் செய்த திருத்தத்தின்படி கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் அந்தக் குற்றம் அவரைச் சேராது. தமிழ்நாட்டில் அதற்கென்றே 1964 முதல் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது.

கும்பகோணத்துப் பாத்திரக்கடைக் கணக்கருக்கு வேறு வகை ஆபத்து. முதலாளி படம் வைத்த புதிய எண்ணிலிருந்து 'கூட்டத்தில் இருக்கிறேன், இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பவும்' என்று செய்தி வரும். பழைய எண்ணில் அவரைக் கூப்பிட்டுக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அப்போதே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும்.

எழுத்தில் கொடுப்பவர்கள் 'அவர் சரியில்லை' என்று எழுதுவதில் பயன் இல்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து, என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதை எழுதுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி, அதை வீட்டில் வையுங்கள். அலுவலக மேசை இழுப்பறையில் வேண்டாம்.