உதவி நாய்க்குட்டியைக் கூட்டத்தில் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள்

ஊட்டியில் மே மாத மலர்க் கண்காட்சி முடிந்து கூட்டம் மலையிறங்கியதும், நாய்ப் பயிற்சியாளர்களுக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். "குட்டி வாசலைத் தாண்ட மாட்டேங்குது." "குடையைப் பார்த்தாலே குரைக்குது." "கார் கதவைத் திறந்தா கட்டிலுக்கு அடியில போயிடுது." என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதிலும் ஒன்றுதான்: "நாலு பேரோட பழகட்டும்னு சேரிங் கிராஸுக்குக் கூட்டிட்டுப் போனோம் சார்." சீசன் ஞாயிற்றுக்கிழமை சேரிங் கிராஸில் நாலு பேரா நிற்கிறார்கள்?

பார்வையற்றவருக்கு வழிகாட்டவோ, சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துக் கொடுக்கவோ வளர்கிற குட்டி ஊராரோடு கொஞ்சிக் குலாவத் தேவையே இல்லை. புதிதாக ஒன்றைப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், நமக்கென்ன என்று கூட நிற்பவரிடம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். வழியில் போகிற ஒவ்வொருவரும் தடவிக் கொடுத்தால், மனிதரைக் கண்டால் ஓடிப்போய்க் குதிக்கலாம் என்றுதான் குட்டி கற்றுக்கொள்ளும். பத்து வாரத்தில் அது அழகாக இருக்கும். ஒன்றரை வயதில் முப்பது கிலோ லாப்ரடார் சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் தெரிந்த முகத்தைப் பார்த்து இழுக்கும்போது, பிடியின் மறுமுனையில் பார்வையில்லாத ஒருவர் இருப்பார். அதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கூச்ச சுபாவமுள்ள குட்டியென்றால் நேர் எதிராகப் போகும். ஓட வழியில்லாமல் கை மேல் கை வந்து விழுந்தால், மனிதர் என்றாலே மூலையில் மடக்குபவர் என்று அதன் மனதில் பதிந்துவிடும். வீட்டு நாய்க்கு இவை சமாளிக்கக்கூடிய குறைகள். உதவி நாய்க்கு வேலையே போய்விடும்.

இன்னொரு கூட்டம், தடுப்பூசி எல்லாம் முடியட்டும் என்று நான்கு மாதம் வீட்டிலேயே பூட்டி வைக்கிறது. குட்டி புதியவற்றை எளிதாக ஏற்றுக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய பதினான்காவது வாரத்தோடு முடிந்துவிடும். ஊசி வரிசையோ பதினாறு வாரம் வரை போகிறது. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள், தரையில் மட்டும் விடாதீர்கள். குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி நிழலான ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நம் மலையில் அந்த மண்ணுக்குப் பஞ்சமில்லை. மார்க்கெட், பேருந்து நிலையம், கால்நடை மருத்துவமனையின் காத்திருப்புத் தரை மூன்றும் கூடவே கூடாது.

தூரம்தான் உங்கள் கருவி. குதிரையைக் காட்ட வேண்டுமா, ஏரிக்கரைக்கு வாரநாள் காலையில் போங்கள். முப்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். குட்டி குதிரையைப் பார்த்ததும், வேகவைத்த கோழி ஒரு துண்டு, கடலை அளவு. மறுபடி பார்த்தால் மறுபடி ஒன்று. கொஞ்ச நேரத்தில் குதிரையைப் பார்த்துவிட்டு உடனே உங்கள் முகத்தைத் தேடும். அதற்குப் பிறகுதான் இரண்டு மூன்று மீட்டர் முன்னே போகலாம். பத்து வாரக் குட்டிக்கு ஐந்து நிமிடம் போதும், நான்கு மாதத்துக்குப் பதினைந்து. ஒரு நாளைக்குப் புதியது ஒன்றுதான், மறுநாள் ஓய்வு.

குட்டி துண்டை வாங்க மறுத்தால் அதற்குப் பசியில்லை என்று சொல்லாதீர்கள். பயந்திருக்கிறது. தூக்கம் வராமலே விடும் கொட்டாவி, உதட்டை நக்குவது, முன்காலை உயர்த்துவது, குளிரில் நின்றுகொண்டே இரைப்பது எல்லாம் அதே செய்திதான். இதைக் கண்டதும் பின்வாங்குங்கள். திடுக்கிடுவது தப்பில்லை, தகரம் விழுந்த சத்தத்தில் துள்ளிவிட்டுச் சில நொடியில் திரும்பி வந்து முகர்ந்தால் நல்ல குட்டி. ஒரு நிமிடம் ஆகியும் தேறவில்லையென்றால் வீட்டுக்குப் போங்கள். தைரியம் வரட்டும் என்று அங்கேயே பிடித்து வைப்பவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

மலைக்கென்று சில பாடங்கள் உண்டு. குன்னூர் ஸ்டேஷனில் நீராவி இன்ஜின் ஆவி விடும் சத்தத்தை முதல் நாள் சாலையிலிருந்து கேட்டால் போதும். மழையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு, முதுகில் பையோடு கொழுந்து எடுக்கும் பெண்கள், குரங்குக் குல்லா, விரித்த குடை இவையெல்லாம் குட்டிக்கு மனித உருவமாகவே தெரியாது. வீட்டில் குடையை விரித்துத் தரையில் போட்டு, சுற்றிலும் கோழித் துண்டுகளைச் சிதறிவிடுங்கள். ஊன்றுகோலையும் அப்படியே. மூடுபனி நாளில் புது இடம் வேண்டாம், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் குட்டி தவிக்கும்.

கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கார் பயணம் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருமுறை வாந்தி எடுத்த குட்டி அடுத்தமுறை காரைப் பார்த்ததுமே எச்சில் ஒழுகும். இன்ஜின் ஓடாத காருக்குள் சாப்பாடு, பிறகு இன்ஜின் ஓட, பிறகு ஐந்து நிமிடம் நேர்ச் சாலை. நீண்ட பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள்.

மாலை மங்கியதும் பயிற்சி இல்லை. சிறுத்தைக்கு நாய் என்றால் இரைதான். தேயிலைக் காட்டில் காட்டெருமை நின்றால் அதைப் பழக்கப்படுத்துகிறேன் என்று யாரும் நிற்க வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள். கயிறு எப்போதும் கையில்.

சுற்றுலா வருபவர்களே, "பயிற்சியில்" என்று எழுதிய மேலங்கியைப் பார்த்தால் தொடாதீர்கள், கூப்பிடாதீர்கள், வர்க்கி நீட்டாதீர்கள். எந்தச் சாக்லேட்டும் நாய்க்கு விஷம்; கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம்.

கடைசியாக, எல்லோரும் மறப்பது. இங்கே வளர்கிற நாய் நாளைக்குக் கோவையிலோ மதுரையிலோ வேலை செய்யலாம். புல்லில் மட்டுமே சிறுநீர் கழித்துப் பழகிய நாய் அங்கே சிமெண்ட் தரையில் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நிற்கும். ஜல்லி, மண், சிமெண்ட் மூன்றிலும், "போய்ட்டு வா" போல ஒரே சொல்லுக்குப் பழக்குங்கள். ஐந்தாறு மாத வயதில் ஒருமுறை சமவெளிக்கு இறக்கி லிஃப்ட், தானியங்கிக் கதவு காட்டுங்கள். வெயிலில் சுடும் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்தையும் வைக்கக் கூடாது. எஸ்கலேட்டரில் மட்டும் ஏற்றாதீர்கள்; நகம் படிகளின் பற்களில் சிக்கும்.